பிள்ளைகளின் வழக்கு எந்தக் கோர்ட்டில்? – வாசகர் கேள்வி பதில்

தாய் தந்தை அருகில் இல்லாத வீடுகளில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமாருக்கு என்ன சட்ட உரிமை உண்டு என்று கடந்த இதழில் இப்பகுதியில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தைச் சுற்றி வருகின்றன. பிள்ளை சம்பந்தப்பட்ட வழக்கு எதுவானாலும் அது சிறார் நீதிமன்றத்துக்குத்தான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் மிகவும் குறுகியது. கேட்கும் நிவாரணம் எதுவோ அதைப் பொறுத்தே கோர்ட் மாறும்; தவறான கோர்ட்டில் அலைந்து மாதக்கணக்கில் காலத்தை இழந்த குடும்பங்கள் நம் ஊரில் பல உண்டு. ஆகவே இம்மாதப் பக்கங்களை முழுவதும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயரையோ தோட்டத்தையோ பள்ளியையோ வெளியிடவில்லை. அதற்கான காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி: என் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். மருமகன் குடித்துவிட்டு 9 வயதுப் பேரனையும் 6 வயதுப் பேத்தியையும் அடிப்பதை யாரோ புகார் செய்ய, சமூக நல இலாகா அதிகாரிகள் வந்து பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். மறுநாளே கோர்ட்டில் நிறுத்தினார்களாம். "கோர்ட் பிள்ளைகளை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டது, இனி உங்களுக்கு ஒன்றும் கிடையாது" என்கிறார் மருமகன். பிள்ளைகளை என்னிடம் வாங்க நான் எந்தக் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும்?
– தோட்டத்துப் பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் மருமகன் சொல்வது சரியில்லை, நீங்கள் இப்போதைக்குத் தனியாக வழக்குப் போடவும் தேவையில்லை.

2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் 2002 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. 1947-ஆம் ஆண்டின் சிறார் நீதிமன்றச் சட்டம், 1973-ஆம் ஆண்டின் பெண்கள், சிறுமியர் பாதுகாப்புச் சட்டம், 1991-ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவருக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவை என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தால், சமூக நல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரியோ போலீஸ் அதிகாரியோ அந்தப் பிள்ளையைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அது முடியாத நிலையில் ஒரு மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மறுநாளே பிள்ளைகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனதன் காரணம் இதுதான். அன்று நடந்தது இறுதித் தீர்ப்பு அன்று. விசாரணை முடியும்வரை பிள்ளைகள் எங்கே இருப்பது என்ற இடைக்கால ஏற்பாடு மட்டுமே.

விசாரணையில் சிறார் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி, இந்தப் பிள்ளைக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவையா என்பது. உடலிலோ மனத்திலோ காயப்படுத்தப்பட்ட பிள்ளை, பாலியல் தொல்லைக்கு ஆளான பிள்ளை, பெற்றோரால் கைவிடப்பட்ட அல்லது கவனிக்கப்படாத பிள்ளை, தெருவில் பிச்சையெடுக்கவோ பொருள் விற்கவோ விடப்பட்ட பிள்ளை என்று சட்டம் ஒரு நீண்ட பட்டியலைத் தருகிறது. அதில் ஏதாவது ஒன்று பொருந்துகிறது என்று நிறைவடைந்தால் அங்கு அமரும் மாஜிஸ்திரேட் பலவித உத்தரவுகளில் ஒன்றைப் பிறப்பிக்கலாம். பெற்றோரிடம் பிணை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை அவர்களிடமே விடலாம்; தகுதியும் நல்லொழுக்கமும் உள்ள ஒருவரின் பொறுப்பில், தாம் குறிப்பிடும் காலத்துக்கு ஒப்படைக்கலாம்; அல்லது மூன்று ஆண்டுகளுக்கோ 18 வயது நிறைவடையும்வரையோ, இரண்டில் எது குறைவோ அதுவரை காப்பகத்தில் வைக்கலாம். எந்த உத்தரவானாலும் பிள்ளையின் நலனே தலையாயது என்று சட்டம் கட்டளையிடுகிறது.

தகுதியும் நல்லொழுக்கமும் உள்ள அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். ஆகவே அடுத்த விசாரணைத் தேதிக்கு முன்பே கோலகங்சாரில் உள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குச் சென்று, உங்கள் பேரப்பிள்ளைகளின் கோப்பைக் கையாளும் அதிகாரி யார் என்று விசாரித்து, பிள்ளைகளை வளர்க்க நான் தயார் என்று எழுத்துமூலம் கொடுங்கள். உங்கள் அடையாள அட்டை, மகளின் பிறப்புப் பத்திரம், பேரப்பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் ஆகியவற்றின் நகல் இருந்தால் உறவைக் காட்டுவது எளிது. அதிகாரி தாம் நீதிமன்றத்துக்கு எழுதும் அறிக்கைக்காக உங்கள் வீட்டைப் பார்க்க வருவார். வீட்டில் சலவைக்கல் தரை இருக்கிறதா என்று பார்க்க அவர் வரவில்லை. பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், பள்ளிக்கு யார் அழைத்துப் போவார், நீங்கள் நோயில் விழுந்தால் யார் சமைப்பார், மருமகன் இரவில் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள் என்பவைதாம் அவருக்குத் தேவையான விவரங்கள். கடைசிக் கேள்விக்கு உங்களிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். 'மகள் புருஷனாயிற்றே, எப்படித் திருப்பி அனுப்புவது' என்ற தயக்கம் அந்த அறிக்கையில் பதிந்துவிட்டால் பிள்ளைகள் காப்பகத்துக்குப் போகும் வாய்ப்பே அதிகம்.

உங்கள் மகளை விசாரணை நாளில் கட்டாயம் வரச் சொல்லுங்கள். பெற்றோரை வரவழைத்துப் பேச வாய்ப்புக் கொடுத்த பிறகே இத்தகைய உத்தரவு போடப்படுவது முறை. தாய் நேரில் வந்து, 'என் தாயிடம் விடுங்கள்' என்று சொல்வதன் கனத்துக்கு எந்தக் கடிதமும் ஈடாகாது.

பிள்ளைகள் உங்களிடம் வந்தாலும் நீங்கள் சட்டப்படி அவர்களின் நிரந்தரப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தாய் தந்தையின் உரிமை அப்படியே இருக்கும். இலாகா அதிகாரி மேற்பார்வைக்கு வந்துபோவார். நிரந்தரப் பாதுகாவலர் உரிமை வேண்டுமானால் 1961-ஆம் ஆண்டு சிறார் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். அது வேறு வழக்கு, வேறு கோர்ட்.

மருமகன்மீது அடித்ததற்காகக் குற்றச்சாட்டு வந்தால் அதுவும் சிறார் நீதிமன்றத்தில் நடக்காது. பிள்ளையைத் துன்புறுத்தும் குற்றத்துக்கு, 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 20 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பெரியவர் ஒருவரை அந்த அளவுக்குத் தண்டிக்கக்கூடிய வழக்கை செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும்.

கேள்வி: எனக்கும் என் மனைவிக்கும் விவாகரத்து ஆகி, ஈப்போ உயர்நீதிமன்றம் 8 வயது மகனை என் பராமரிப்பில் விட்டது. இப்போது முன்னாள் மனைவி கொடுத்த புகாரின்பேரில் இலாகா பிள்ளையை எடுத்துச் சென்றிருக்கிறது. உயர்நீதிமன்ற உத்தரவை ஒரு மாஜிஸ்திரேட் மீற முடியுமா?
– லோரி ஓட்டுநர், தோட்டப்புறத் தாமான்

பதில்: ஐயா, மீறுவது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. உயர்நீதிமன்றம் தீர்மானித்தது உங்கள் இருவரில் பிள்ளை யாருடன் இருப்பது என்பதை. சிறார் நீதிமன்றம் பார்ப்பது, இந்த வேளையில் பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறதா என்பதை. பராமரிப்பு உத்தரவு கையில் இருப்பதால் ஒருவர் வீட்டில் நடப்பதைச் சட்டம் பார்க்கக்கூடாது என்று ஆகிவிடாது.

உத்தரவின் நகலை வழக்கறிஞர் வழியாகச் சிறார் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள்; புகார் பொய் என்றால் பள்ளி வருகைப் பதிவு, மருத்துவ அட்டை, நீங்கள் லோரியில் வெளியூர் போகும் இரவுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் வாக்குமூலம் ஆகியவற்றைக் கொடுங்கள். உங்கள் வழக்கில் அந்த இரவுகள்தாம் பெரிதும் பேசப்படும் என்று கடிதத்தைப் படிக்கையிலேயே தெரிகிறது. சிறார் நீதிமன்றத்தின் முடிவு பிடிக்கவில்லையென்றால் மேல்முறையீடு உயர்நீதிமன்றத்துக்குத்தான் போகும். அதே சமயம், சிறார் நீதிமன்றத்தில் புகார் நிரூபிக்கப்பட்டால் உங்கள் முன்னாள் மனைவி அதைக் காட்டி, சூழ்நிலை மாறிவிட்டது என்ற காரணத்தில், 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் பராமரிப்பு உத்தரவையே மாற்றக் கேட்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். பிள்ளை 7 வயதுக்குக் கீழ் இருந்தால் தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானம் அச்சட்டத்தில் உண்டு. உங்கள் மகன் அந்த வயதைக் கடந்துவிட்டான்.

கேள்வி: 15 வயது மகனையும் பக்கத்து வீட்டு 20 வயது இளைஞனையும் மோட்டார் சைக்கிள் திருட்டில் போலீஸ் பிடித்திருக்கிறது. மகனைப் பெரியவர்களோடு சிறையில் போட்டுவிடுவார்களா? அவன் படத்தை யாரோ வாட்சாப்பில் பரப்பிவிட்டார்கள்.
– ஒரு தாய்

பதில்: அம்மா, முதலில் வயதுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது என்று குற்றவியல் சட்டத்தின் 82-ஆவது பிரிவு சொல்கிறது. 10 முதல் 12 வரை, தான் செய்வது என்னவென்று புரிந்துகொள்ளும் முதிர்ச்சி பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்கப்படும். உங்கள் மகன் அந்த வரம்புகளைக் கடந்தவன். ஆனால் 18-ஐத் தொடாதவன். ஆகவே தனியாகக் குற்றஞ்சாட்டப்பட்டால் சிறார் நீதிமன்றத்தில் நிற்பான். மரண தண்டனைக்குரிய குற்றங்களைத் தவிர மற்ற எல்லாக் குற்றங்களையும் விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள்; அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். தீர்ப்பை எழுதுவது மாஜிஸ்திரேட்தான். குற்றம் நிரூபணமான பிறகு பிள்ளையை என்ன செய்வது என்பதில் ஆலோசகர்கள் கருத்துச் சொல்வார்கள், பெற்றோருக்கும் புத்திமதி கூறுவார்கள்.

உங்கள் மகனின் வழக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. 18 வயது நிறைந்த ஒருவரோடு சேர்த்து ஒரே குற்றச்சாட்டில் சிறாரைக் கொண்டுவந்தால் வழக்கு சிறார் நீதிமன்றத்தில் நடக்காது. பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் இருவரும் ஒன்றாக நிற்பார்கள். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்த நீதிமன்றமும் உங்கள் மகனைப் பொறுத்தவரை நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்த்து, சிறார் சட்டத்தில் சொல்லப்பட்ட உத்தரவுகளையே பிறப்பிக்க வேண்டும். எச்சரித்து விடுவித்தல், நன்னடத்தைப் பிணை, அபராதம் அல்லது இழப்பீடு, நன்னடத்தை மேற்பார்வை, சீர்திருத்தப் பள்ளிகளான சமூக நல இலாகாவின் துனாஸ் பக்தி பள்ளி, சிறைச்சாலை இலாகாவின் ஹென்றி கர்னி பள்ளி ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பவே கூடாது. 14-க்கு மேற்பட்டவரையும் வேறு வழி பொருந்தும்போது அனுப்பக்கூடாது. காவலில் இருக்கும் காலத்தில் பெரியவர்களோடு கலந்து வைக்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை.

கைது செய்த போலீஸ் அதிகாரி உடனே பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நிற்க விடாதீர்கள். பணம் இல்லையென்றால் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரைக் கேளுங்கள். 2012 முதல் குற்றவியல் வழக்குகளில் இலவச உதவி வழங்கும் அமைப்பு அது, சிறாருக்கும் உதவுகிறது. பிணையில் விடுவதற்கு எதிராகப் பெரும்பாலும் எழுப்பப்படும் வாதங்களில் ஒன்று, பிள்ளை தீய சகவாசத்தில் மீண்டும் சேர்ந்துவிடும் என்பது. உங்கள் வீட்டுக்கும் அந்த இளைஞன் வீட்டுக்கும் இடையில் ஒரு சுவர்தான் என்பதால் இந்த வாதம் வரும் என்று எதிர்பாருங்கள். வழக்கு முடியும்வரை மகனை வேறு ஊரில் உள்ள மாமன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ தங்கவைக்க முடியுமானால், அந்த முகவரியோடும் அந்த உறவினரோடும் கோர்ட்டுக்குப் போங்கள்.

வாட்சாப் படம் குறித்து: சிறார் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, வழக்கில் சம்பந்தப்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்ட பிள்ளைக்கும், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும், சாட்சியாக வரும் பிள்ளைக்கும் இது பொருந்தும். மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். குறுஞ்செய்தியின் படப்பதிவை எடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். 'பையனைப் பார்த்தால் அடையாளம் சொல்லுங்கள்' என்று நல்லெண்ணத்தில் பகிர்வோரும் நம் குழுக்களில் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் பகிர்ந்தது என்பதற்காக, பரவிவிட்ட பிள்ளையின் படத்தை யாரும் அழித்துவிடப் போவதில்லை.

கேள்வி: என் வகுப்பில் படிக்கும் 11 வயது மாணவி, வீட்டில் உறவினர் ஒருவர் தவறாக நடந்துகொள்வதாக என்னிடம் சொன்னாள். குடும்பத்தாரை அழைத்து முதலில் பேசிப் பார்ப்போம் என்கிறார்கள் பள்ளியில். இதைச் சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியுமா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: ஆசிரியை அவர்களே, குடும்பத்தாரை அழைக்க வேண்டாம். அழைத்தால் அன்று மாலையே அந்தச் சிறுமி வாய் திறக்காதபடி செய்யப்பட்டுவிடுவாள். இன்றே போலீசில் புகார் செய்யுங்கள், அல்லது 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணுக்கு அழையுங்கள். 2017-ஆம் ஆண்டு சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்கீழ், இத்தகைய குற்றம் பற்றித் தெரிந்தும் தகவல் கொடுக்காதிருப்பது குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். பள்ளியில் மேலிடம் என்ன சொன்னது என்பது உங்களுக்குத் தற்காப்பு ஆகாது.

வழக்கு எங்கே நடக்கும் என்று கேட்டீர்கள். இரண்டு வழிகள் ஒரே நேரத்தில் திறக்கும். உறவினர்மீதான குற்ற வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களை விசாரிக்கவென்றே புத்ராஜெயாவில் 2017 ஜூன் மாதம் ஒரு சிறப்பு நீதிமன்றம் திறக்கப்பட்டதை நீங்கள் செய்தியில் படித்திருக்கலாம். சிறுமி இனி எங்கே பாதுகாப்பாக இருப்பாள் என்பதைச் சிறார் நீதிமன்றம் தீர்மானிக்கும். முதல் வழக்கில் உறவினர் விடுதலையானாலும் இரண்டாவது நடவடிக்கை தானாக அடிபட்டுப் போகாது. ஒன்றில் கேட்கப்படுவது ஒருவர் குற்றவாளியா என்பது. மற்றொன்றில் பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவையா என்பது.

சிறுமி சாட்சி சொல்ல வேண்டுமே என்ற கவலை உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. சிறு வயதுச் சாட்சிகளுக்காக 2007-ஆம் ஆண்டு சிறார் சாட்சியச் சட்டம் இருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காமல் திரைக்குப் பின்னால் இருந்தோ வேறு அறையிலிருந்து நேரலைக் காணொளி வழியாகவோ பேசலாம். கேள்விகளைப் பிள்ளைக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஓர் இடையாளரையும் வைத்துக்கொள்ளலாம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், வேறு ஆதாரம் இல்லாவிட்டாலும் பிள்ளையின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. சிறுமி சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மீண்டும் மீண்டும் கேட்காதீர்கள். மற்ற ஆசிரியர்கள் முன் சொல்ல வைக்காதீர்கள். பல பேர் பலவிதமாகக் கேட்டதில் பிள்ளையின் சொல் மாறிப்போய், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வது வழக்கமாக நடக்கும் ஒன்று.

கேள்வி: நானும் கணவரும் விடியற்காலை 5 மணிக்கே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவோம். 10 வயது மகள் 4 வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். இது குற்றமா?
– லயத்து வீட்டு வாசகி

பதில்: தகுந்த ஏற்பாடு இல்லாமல் பிள்ளையைத் தனியே விடுவது சிறார் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்கீழ்க் குற்றம். எத்தனை மணி நேரம், எத்தனை வயது என்று சட்டம் கோடு கிழித்துச் சொல்லவில்லை. சூழ்நிலையைப் பார்த்து நியாயமா என்று தீர்மானிப்பார்கள். 10 வயதுப் பிள்ளையை இன்னொரு பிள்ளைக்குக் காவல் வைப்பதை நியாயமான ஏற்பாடு என்று கோர்ட்டில் வாதிடுவது கடினம், அதிலும் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கையில்.

அந்தக் காலத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. வெட்டுக்குப் போகும் தாய்மார் துணியில் சுற்றிய கைக்குழந்தையை இருட்டிலேயே கொண்டுபோய் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டதோடு பல இடங்களில் அது மறைந்துவிட்டது. ஆனாலும் 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டத்தில் தோட்டங்களில் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் அமைப்பது பற்றிய விதிகள் உள்ளன. உங்கள் தோட்டத்தில் சிறுபிள்ளைகள் கணிசமாக இருந்தால் தொழிற்சங்கத்தின் வழியாக நிருவாகத்திடம் கேளுங்கள். அதுவரை, வேலைக்குப் போகாத அண்டை வீட்டு அம்மா ஒருவரிடம் இருவரையும் விட்டுச் செல்வதே பாதுகாப்பு.

கேள்வி: 16 வயது மகள் சொல் கேட்பதில்லை; இரவில் ஒரு பையனோடு சுற்றுகிறாள். கோர்ட்டில் சொல்லி ஏதாவது 'ஹோமில்' போட்டுவிட முடியுமா?
– தகப்பன்

பதில்: பெற்றோரால் கட்டுப்படுத்த முடியவில்லை என்று எழுத்துமூலம் சிறார் நீதிமன்றத்தைக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. கேட்டவுடன் அனுப்பிவிட மாட்டார்கள். நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார். நீங்கள் மகளை எப்படி நடத்தினீர்கள் என்பதும் அதில் இருக்கும். உத்தரவு வந்த பிறகு உங்கள் கோபம் தணிந்துவிட்டது என்று சொல்லி மறுவாரமே மகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமை உங்கள் கையில் இல்லை. என் கருத்தில், ஐயா, முதலில் சமூக நல அலுவலகத்தில் குடும்ப ஆலோசனை கேளுங்கள். இந்த மனுவைப் பலர் மிரட்டலாகப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள்; கோர்ட் அதை மனுவாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெண் இறந்துவிட்டாள். தகப்பன் யாரென்று பத்திரத்தில் இல்லை. 2 வயதுப் பிள்ளை ஒரு மாதமாக எங்களிடம் வளர்கிறது. தத்தெடுக்க எந்தக் கோர்ட்?
– பிள்ளையில்லாத் தம்பதி

பதில்: கோர்ட்டுக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மற்றவர் பிள்ளையை எடுத்து வளர்க்கத் தொடங்குவோர் ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சிறார் சட்டம் கூறுகிறது. நீங்கள் ஒரு மாதம் கடத்திவிட்டீர்கள். தாமதமானாலும் நாளைக்கே போய்த் தெரிவியுங்கள். மறைப்பது நல்ல எண்ணத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

தத்து உத்தரவு சிறார் நீதிமன்றத்தின் அதிகாரத்தில் இல்லை. முஸ்லிம் அல்லாதாருக்கு 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்திலோ, மனுதாரர் விரும்பினால் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ மனுச் செய்யலாம். உத்தரவுக்கு முன் பிள்ளை தொடர்ந்து மூன்று மாதமாவது உங்களிடம் இருந்திருக்க வேண்டும். உறவினரல்லாதவர் என்பதால் உங்களில் ஒருவருக்காவது 25 வயது ஆகியிருப்பதோடு பிள்ளையைவிட 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் வளர்த்த பிறகு தேசியப் பதிவு இலாகாவில் பதிந்துகொள்ளும் வழி ஒன்றும் உண்டு; செலவு குறைவு என்று நம் ஊரில் அதைத்தான் பலர் நாடுகிறார்கள். சொத்துரிமை முதலியவற்றில் இரண்டும் ஒன்றல்ல. கோர்ட் வழியையே நான் பரிந்துரைப்பேன். இறந்த தாயின் அடையாள அட்டை நகலையும் இறப்புப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள். திருமணப் பதிவு இல்லாமல் பிறந்த பிள்ளையின் குடியுரிமைக்குத் தாயின் ஆவணம்தான் ஆதாரம்.

கேள்வி: தங்கையின் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, பிள்ளைகளின் பராமரிப்பை ஷரியா நீதிமன்றத்தில் கேட்கப் போவதாகச் சொல்கிறார். தங்கை எங்கே போவது?
– அண்ணன், சுங்கை சிப்புட்

பதில்: பதிவுத் திருமணம் செய்த தம்பதியின் பிள்ளைப் பராமரிப்பு, ஒருவர் மதம் மாறிய பிறகும், சிவில் உயர்நீதிமன்றத்துக்கே உரியது. ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கு நம் மாநிலத்தில் அனைவரும் அறிந்ததே. மதம் மாறிய கணவர் பிள்ளைகளையும் மதம் மாற்றியதை எதிர்த்து 2009-இல் தொடங்கிய அந்தப் போராட்டத்தில் ஈப்போ உயர்நீதிமன்றம் பிள்ளைகளின் மதமாற்றத்தை ரத்து செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் அதை மாற்றியது. 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், தாய் தந்தை இருவரின் சம்மதமும் இல்லாமல் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்றும் அதை ஆராயும் அதிகாரம் சிவில் உயர்நீதிமன்றத்துக்கு உண்டு என்றும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நடப்புக்கு வந்த 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் திருத்தமும், மதம் மாறியவர் உட்பட இருவரில் எவரும் சிவில் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்க வழி செய்தது.

தீர்ப்பு கையில் இருந்தும், தந்தை கொண்டுபோய்விட்ட கடைசி மகளுக்காக இந்திரா காந்தி ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததையும் நாம் மறந்துவிடக்கூடாது. ஆகவே தங்கை முந்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் பாஸ்போர்ட்டும் தங்கையின் கையில் இருக்கட்டும். இடைக்காலப் பராமரிப்பு உத்தரவுக்கு இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். வசதியில்லாதவர்களுக்குக் குடும்ப வழக்குகளில் சட்ட உதவி இலாகா உதவுகிறது. திருமணம் கோயிலில் மட்டும் நடந்து பதியப்படாமல் இருந்தால் நிலைமை வேறு. அதை எழுதித் தெரிவியுங்கள்.

கேள்வி: சிறார் நீதிமன்ற விசாரணைக்கு எங்கள் கட்சிக் கிளைத் தலைவரைக் கூட அழைத்துப் போகலாமா? பேசத் தெரிந்தவர்.
– முதல் கேள்வி கேட்ட பாட்டியின் மகன்

பதில்: கோர்ட் வளாகம்வரை அழைத்துப் போகலாம், அறைக்குள் அவருக்கு இடமில்லை. நீதிமன்ற அதிகாரிகள், சம்பந்தப்பட்ட பிள்ளைகள், பெற்றோர் அல்லது பாதுகாவலர், வழக்கறிஞர்கள், சாட்சிகள் ஆகியோரையும் நீதிமன்றம் அனுமதிக்கும் பொறுப்புள்ளவர்களையும் தவிர வேறு யாரும் சிறார் நீதிமன்ற அமர்வில் இருக்க முடியாது. தலைவருக்கு உங்கள் தாயாரின் குடும்பத்தை நெடுநாளாகத் தெரியும் என்றால், பேரப்பிள்ளைகளைத் தாயார் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று தாம் கண்ணால் கண்டதை மட்டும் ஒரு கடிதத்தில் எழுதிச் சமூக நல அதிகாரியிடம் விசாரணைக்கு முன்பே கொடுக்கச் சொல்லுங்கள். கட்சி முத்திரை தேவையில்லை. அடையாள அட்டை எண்ணும் கையெழுத்தும் இருந்தால் போதும்.